கால் அங்குலம்

இந்த வீட்டில் கைதவறி விழுந்த எதையும்
குனிந்து தேட வேண்டியதில்லை.
பக்கத்துச் சந்தின் கீழ்மூலைக்குப் போனால் போதும்.
எலுமிச்சை, பேனா மூடி, மகளின் ரப்பர் பந்து.
ஒரு தடவை, புதிதாய் வந்த கேஸ் சிலிண்டர்
தானே இறங்கிப் போய்
ஷம்ஷாத் வீட்டுச் சுவரில் முட்டி நின்றது.
டெலிவரிப் பையன் சிரிக்கவில்லை.
நாங்களும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கோட்டை மலைக்குக் கீழே
லோனில் வாங்கிய ஐம்பது வருஷத்து வீடு.
முன்பக்கம் வெள்ளையடித்தோம். ஒழுகிய தளத்தைப் பூசினோம்.
சந்தை மட்டும்
சமையலறை ஜன்னலைச் சாத்தியே
பதினொரு வருஷம் சமாளித்தோம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு
பார்த்தீனியம் பிடுங்க இறங்கினேன்.
அடியில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, உடைந்த கழிப்பறைப் பீங்கான்,
முன்னால் இருந்தவரின் ஸ்கூட்டர் மட்கார்டு,
யாரோ ஒரு குழந்தையின்
இடது கால் ஷூ, லேஸ் கட்டியபடியே.
அதை மட்டும் குப்பையில் போடாமல்
காம்பவுண்டு மேல் வைத்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

திம்மராயன் மேஸ்திரி டியூப்பில் தண்ணீர் நிரப்பி
மேட்டு முனையை வேடியப்பனிடமும்
பள்ளத்து முனையை என்னிடமும் கொடுத்தார்.
இதற்காக வாங்கிய டாப்-அப் லோனைப் பற்றிப் பேசிப் பேசி
மூன்று வாரமாய் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
“உனக்கு எங்க நிக்குது?”
“ஆடுது.”
“கைய ஆட்டாத.”
“நான் ஆட்டல. உன் பக்கம் பாரு.”
“இரு, அடங்கட்டும்.”
அடங்கியது.
அவனுக்கு முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீர்
எனக்குக் கழுத்தளவில் நின்றது.
இரண்டே முக்கால் அடி.
மேஸ்திரி சுவரில் கரிக்கோடு கிழித்தார்.

குப்பம் ரோட்டுப் பட்டறையிலிருந்து
ஒரு டிராக்டர் கழிவுக்கல்:
ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் தவளை முதுகு.
எந்த ஊர் விமான நிலையத்துக்கோ அறுத்தது போக மிச்சம்.
“பாலிஷ் பக்கம் கலவை பிடிக்காதும்மா” என்று
வழவழப்பை வெளியே காட்டி அடுக்கினார்.
அன்று மதியம் முழுக்க
மூன்றாவது வரிசையில் ஓர் ஓணான்
தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

மேல்தட்டில் துணிக்கொடி. நடுவில் கறிவேப்பிலை.
கீழ்த்தட்டில் சந்தூரில் வாங்கிய ஒட்டு மாங்கன்று.
“இது குட்டையாத்தான் நிக்கும்” என்று நர்சரிக்காரன் சொன்னது
நிஜமா என்று பத்து வருஷத்தில் தெரியும்,
லோன் முடிகிற அதே வருஷம்.

ஐப்பசியில் கொட்டியது.
பாறையெல்லாம் வழிந்து தெருவே ஓடியது.
எங்கள் தண்ணீர் ஒழுங்காகக் குழாயில் இறங்கி
சாக்கடைக்குப் போனது.
ஜன்னலைத் திறந்துவைத்து நின்று பார்த்தேன்.

மழை விட்டு இருபதாம் நாள் ஷம்ஷாத் வந்தாள்.
பதினொரு வருஷ ஈரத்துக்கு மன்னிப்புக் கேட்க
ஒரு வாக்கியம் தயாராய் வைத்திருந்தேன்.
அவள் கையில் ஒரு கொத்து புதினா, காய்ந்து கறுத்து.
“உங்க தண்ணி இந்தத் தடவ வரலயே.
செவுத்தோரம் அது பாட்டுக்குக் கசியும்,
இது பாட்டுக்கு நிக்கும்.
தை வரைக்கும் நான் வாளி தூக்கினதே இல்ல.”
“செவுரு ஊறலயா?” என்றான் வேடியப்பன்.
“ஊறத்தான் ஊறும். வருஷத்துக்கு ஒரு தடவ சுண்ணாம்பு.
அதுக்கென்ன?”

என் வாக்கியம் எங்கே போய் விழுந்ததோ.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.
கீழ்வரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்து
அவள் பக்கமாய் இரண்டங்குலக் குழாய் செருகினார்.
ஐந்நூறு வாங்கிக்கொண்டார்.
“ஒரே மட்டமா விட்டா தண்ணி நின்னு நாறும்.
அடிக்குக் கால் அங்குலம் விட்டிருக்கேன்,
கண்ணுக்குத் தெரியாது.”

ஷூ இன்னும் காம்பவுண்டு மேல்தான்.
உள்ளே மண் சேர்ந்து ஏதோ முளைத்திருக்கிறது.

இன்று காலை கீழ்த்தட்டில்
ஓர் எலுமிச்சையை வைத்தேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது.
பின்னால் வந்து நின்ற வேடியப்பன்
“எந்தப் பக்கம் போவுது?” என்றான்.

“இரு,” என்றேன்.